விரல் நுனியில் வேகம்: கணிப்பொறியில் குறுக்கு விசைகள்



1974-ஆம் ஆண்டு நான் தாதரில் வந்து இறங்கியபோது என் டிரங்குப் பெட்டியில் இரண்டு சட்டைகள், ஒரு வேட்டி, அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை, இவற்றோடு இரண்டு சான்றிதழ்கள் இருந்தன. ஒன்று ஆங்கில டைப்ரைட்டிங் ஹையர். மற்றது ஷார்ட்ஹாண்ட். அந்த நாளில் தமிழ்நாட்டிலிருந்து பம்பாய், டில்லி, கல்கத்தா என்று புறப்பட்ட எத்தனையோ பேருக்கு அந்த இரண்டு காகிதங்கள்தான் சொத்து. இன்று நம் பிள்ளைகள் படிக்கும் படிப்பு வேறு, பார்க்கும் வேலை வேறு. ஆனால் நம்மைக் காப்பாற்றிய அந்த விசைப்பலகை மட்டும் மாறவில்லை. அது டைப்ரைட்டரிலிருந்து கணிப்பொறிக்கு இடம் பெயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒரு சகோதரி வந்தார். பி.காம். படித்தவர். திருமணமாகி வந்த பிறகு பதினான்கு ஆண்டுகள் வீட்டோடு இருந்தவர். கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஆகவே இவர் வேலை தேடிப் புறப்பட்டார். ஓர் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டு, எக்ஸெல் கணக்கு ஒன்றைத் திறந்து வைத்தார்களாம். சுமார் மூவாயிரம் வரிகள் கொண்ட பில் பட்டியல். மொத்தம் எவ்வளவு, பணம் வராத பில்கள் எவை என்று இருபது நிமிடத்தில் சொல்ல வேண்டும். இவர் எலியைப் பிடித்து இழுத்து இழுத்துக் கீழே போயிருக்கிறார். பாதி வழியில் கை நடுங்கி விரல் விலகியிருக்கிறது. மறுபடியும் மேலிருந்து தொடக்கம். நேரம் முடிந்துவிட்டது.

"எனக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை சார், கைதான் ஓடவில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியம் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. கணக்கு தெரிந்தவருக்குக் கை ஓடாததால் வேலை கிடைக்கவில்லை என்றால், அது பத்து நாளில் தீர்க்கக்கூடிய குறை. அதைத் தீர்க்கும் வழியைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன்.

எவ்வளவு நேரம் மிச்சம்?

குறுக்கு விசை என்றால், எலியை நகர்த்திப் பட்டியலைத் திறந்து தேர்ந்தெடுக்கும் ஒரு வேலையை இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தியே முடித்துவிடும் வழி. இதனால் எவ்வளவு மிச்சம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1980-ல் இதை அளந்து எழுதினார்கள். நன்றாகத் தட்டச்சு செய்பவர் ஒரு விசையை அழுத்தச் சுமார் 0.2 வினாடி. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து எலியில் வைக்க 0.4 வினாடி. எலியால் ஓர் இடத்தைச் சுட்டச் சுமார் 1.1 வினாடி.

இப்போது கூட்டிப் பாருங்கள். எலியைப் பிடிக்க 0.4, பட்டியலைச் சுட்ட 1.1, அழுத்த 0.2, அதில் 'நகலெடு' என்ற சொல்லைச் சுட்ட 1.1, அழுத்த 0.2, கை திரும்பி வர 0.4. மொத்தம் 3.4 வினாடி. இரண்டு விசைகளை அழுத்தினால் 0.4 வினாடி. மிச்சம் 3 வினாடி. அலுவலகத்தில் ஒரு நாளைக்கு இப்படி 300 முறை செய்பவருக்கு 900 வினாடி, அதாவது 15 நிமிடம். மாதம் 25 நாள் வேலை என்றால் ஆறே கால் மணி நேரம். ஏறக்குறைய ஒரு நாள் வேலை!

நேரத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. கை விலகினால் கண்ணும் விலகுகிறது. கண் விலகினால் எண்ணமும் விலகுகிறது. திரும்பி வந்து எந்த வரியில் விட்டோம் என்று தேட வேண்டியிருக்கிறது. பிழைகள் நுழைவது அந்த இடத்தில்தான்.

பாடம் தொடங்கும் முன் ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதும்போது 'பி' இரண்டு, 'டி' இரண்டு என்று ஆகிவிடும். ஆகவே அந்த இடங்களில் எந்தச் சொல்லின் முதல் எழுத்து என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதுவே நினைவில் வைக்கவும் உதவும். 'கண்ட்ரோல்-சி' என்று எழுதினால், கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சி விசையை ஒரு முறை தட்டிவிட்டு, இரண்டையும் விட வேண்டும் என்று பொருள். இரண்டையும் ஒரே நொடியில் அடிக்க முயல்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

பாடம் 1: கைக்கு ஓர் இடம்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர்களுக்கு ஏ-எஸ்-டி-எஃப்-ஜி-எஃப் என்ற முதல் நாள் பாடம் மறந்திருக்காது. கணிப்பொறியிலும் அதேதான். எஃப், ஜே ஆகிய இரண்டு விசைகளின் மேல் சிறு மேடு ஒன்று இருப்பதைத் தடவிப் பாருங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களும் அங்கே இருக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. கண்ணை எடுக்காமல் கை தன் வீட்டுக்குத் திரும்பி வர அந்த மேடு போதும்.

பழைய ஆட்களுக்கு இன்னொரு செய்தி. ஷிஃப்ட் என்றால் நகர்த்துவது. 1878-ல் வந்த ரெமிங்டன் இரண்டாம் எண் இயந்திரத்தில்தான் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் சேர்ந்து வந்தன. ஷிஃப்டை அழுத்தினால் உண்மையிலேயே கேரேஜ் நகர்ந்தது. என்டர் விசை, நாம் இடக் கையால் கேரேஜைத் தள்ளிய நெம்புகோலின் வாரிசு. டேப் விசை, பத்திகளாக எண்களை அடிக்க வைத்திருந்த டேபுலேட்டரின் வாரிசு. எல்லாம் நமக்குத் தெரிந்த குடும்பம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

எங்கள் அலுவலகத்தில் 1990-களின் தொடக்கத்தில் டைப்ரைட்டர்களை எடுத்துவிட்டுக் கணிப்பொறி வைத்தபோது, எங்களில் பலருக்கு இரவில் தூக்கம் வரவில்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தோம். அப்போது வேர்ட்ஸ்டார் என்ற மென்பொருள் இருந்தது. எலி கிடையாது. சேமிக்க, பத்தியைக் குறிக்க, மேலே போக, கீழே வர எல்லாமே கண்ட்ரோல் விசைதான். பத்து விரலும் பழகிய எங்களுக்கு ஒரு மாதத்தில் அது கைவசமானது. பிறகு விண்டோஸும் எலியும் வந்தன. வசதி வந்தது; கை சோம்பேறியானது.

பாடம் 2: கீழ் வரிசையின் நால்வர்

விசைப்பலகையின் கீழ் வரிசையில் இடப்பக்கம் இசட், எக்ஸ், சி, வி என்று நான்கு விசைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. கண்ட்ரோலோடு சேர்த்தால்:

கண்ட்ரோல்-இசட்: கடைசியாகச் செய்ததை ரத்து செய்யும்.
கண்ட்ரோல்-எக்ஸ்: வெட்டி எடுக்கும். எக்ஸ் திறந்த கத்தரி போல இருப்பதை நினைவில் வையுங்கள்.
கண்ட்ரோல்-சி: நகல் எடுக்கும். காப்பியின் முதல் எழுத்து.
கண்ட்ரோல்-வி: ஒட்டும்.

அந்தக் காலத்தில் பத்திரிகை அலுவலகங்களில் கையெழுத்துப் பிரதியைக் கத்தரியால் வெட்டி, பசை தடவி வேறு இடத்தில் ஒட்டுவார்கள். அந்த வழக்கத்தைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர். 1970-களில் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில், டிம் மாட் என்பவரோடு சேர்ந்து ஜிப்ஸி என்ற எழுத்து மென்பொருளை உருவாக்கியபோது இதைச் செய்தார். பிறகு ஆப்பிள் நிறுவனத்துக்குச் சென்றார். அந்நிறுவனத்தின் 1983-ஆம் ஆண்டு லிசா, 1984-ஆம் ஆண்டு மெக்கின்டாஷ் கணிப்பொறிகள் வழியாக இந்த நான்கு எழுத்துகளும் உலகெங்கும் பரவின. டெஸ்லர் 2020-ல் காலமானார்.

இந்த நால்வரோடு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல்-எஸ் சேமிக்கும். கண்ட்ரோல்-ஏ எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும். கண்ட்ரோல்-ஒய், ரத்து செய்ததைத் திரும்பக் கொண்டுவரும்.

இதில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1998-ல் சங்க உறுப்பினர் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றியிருந்தேன். நானூறுக்கு மேற்பட்ட பெயர்கள், முகவரிகள். எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கலாம் என்று கண்ட்ரோல்-ஏ அழுத்தினேன். எல்லாம் கறுப்பாகத் தேர்வானது. அந்த நேரத்தில் கட்டை விரல் ஸ்பேஸ் விசையில் பட்டுவிட்டது. தேர்வான எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரே ஒரு வெற்றிடம்! திரை வெள்ளை வெளேர் என்றது. பதற்றத்தில் பழக்கதோஷமாகக் கண்ட்ரோல்-எஸ் அழுத்தி, மூடியும் விட்டேன். கண்ட்ரோல்-இசட் ஒரு முறை தட்டியிருந்தால் எல்லாம் திரும்பி வந்திருக்கும். தெரியவில்லை. பழைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஒரு வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து மீண்டும் அடித்தேன். பிழை முழுக்க என்னுடையது.

ஆகவே விதி இதுதான். திரையில் எதிர்பாராதது எதுவும் நடந்தால் முதலில் கையை எடுங்கள். பிறகு கண்ட்ரோல்-இசட். சேமிப்பதும் மூடுவதும் அதற்குப் பிறகுதான்.

பாடம் 3: வரியில் நடப்பது

அம்புக்குறி விசை ஒவ்வோர் எழுத்தாக நடக்கும். கண்ட்ரோலோடு சேர்த்தால் ஒவ்வொரு சொல்லாகத் தாவும். ஹோம் விசை வரியின் தொடக்கத்துக்கும், என்ட் விசை வரியின் முடிவுக்கும் போகும். இவற்றோடு கண்ட்ரோலைச் சேர்த்தால் முழுக் கடிதத்தின் தொடக்கமும் முடிவும்.

இந்த நடையோடு ஷிஃப்டைச் சேர்த்தால் நடந்த வழியெல்லாம் தேர்வாகும். இந்த ஒரு விதி தெரிந்தால் பத்து விசைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஷிஃப்ட்-என்ட் என்றால் இங்கிருந்து வரி முடியும் வரை. கண்ட்ரோல்-ஷிஃப்ட்-வல அம்பு என்றால் அடுத்த சொல். கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஹோம் என்றால் இங்கிருந்து கடிதத்தின் தலை வரை. எலியால் இழுக்கும்போது விரல் வழுக்கும் தொல்லை இங்கே கிடையாது.

ஒரு சொல்லைத் தப்பாக அடித்துவிட்டால் ஒவ்வோர் எழுத்தாக அழிக்க வேண்டாம். கண்ட்ரோல்-பேக்ஸ்பேஸ் முழுச் சொல்லையும் எடுத்துவிடும். வேர்டில் ஆங்கிலச் சொற்களைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்-எஃப்3 தட்டினால் சிறிய எழுத்து பெரியதாகும், பெரியது சிறியதாகும். கேப்ஸ் லாக் போட்டதை மறந்து ஒரு பத்தி முழுவதும் அடித்தவர்களுக்கு இது பெரிய வரம்.

பாடம் 4: தேடுவதும் மாற்றுவதும்

கண்ட்ரோல்-எஃப் தேடும். ஐம்பது பக்க வாடகை ஒப்பந்தத்தில் 'டெபாசிட்' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று ஒரு நொடியில் காட்டும். வேர்டிலும் எக்ஸெலிலும் இணையப் பக்கங்களிலும் பி.டி.எஃப். கோப்புகளிலும் இது வேலை செய்யும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை இப்படி ஒரு முறை தேடிப் பார்ப்பது வாடகை வீட்டில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு நல்லது.

கண்ட்ரோல்-எச் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லைப் போடும். இதில் எச்சரிக்கை வேண்டும். பம்பாய் 1995-ல் மும்பை ஆயிற்று. மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆயிற்று. பழைய ஆவணம் ஒன்றில் 'எல்லாவற்றையும் மாற்று' என்று ஒரே தட்டில் மாற்றினால் என்ன ஆகும்? பம்பாய் உயர் நீதிமன்றம் இன்றும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. மெட்ராஸ் உயர் நீதிமன்றமும், இரண்டு ஊர்களின் ஐ.ஐ.டி.க்களும் அப்படியே. அவற்றையும் மாற்றிவிட்டால் ஆவணம் தப்பாகிவிடும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ஒரே தட்டில் மாற்றாதீர்கள்.

அச்செடுக்கக் கண்ட்ரோலோடு பிரிண்டின் பி. எழுத்தைத் தடிப்பாக்கக் கண்ட்ரோலோடு போல்டின் பி. புதுப் பக்கம் தொடங்க, என்டரை இருபது முறை தட்டாமல் கண்ட்ரோல்-என்டர் ஒரு முறை போதும்.

பாடம் 5: ஜன்னல்கள்

ஆல்ட்-டேப், திறந்திருக்கும் ஜன்னல்களுக்கு இடையே மாற்றும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு டேப்பை மட்டும் தட்டித் தட்டி வேண்டியதில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் கடிதம், ஒரு பக்கம் கணக்கு என்று வைத்து வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

விண்டோஸ் சின்னம் போட்ட விசை 1994-ல் அறிமுகமானது. அதோடு சேர்பவை சில:

விண்டோஸோடு டெஸ்க்டாப்பின் டி: எல்லாவற்றையும் மறைத்து முகப்பைக் காட்டும்.
விண்டோஸ்-இ: கோப்புகள் இருக்கும் அலமாரியைத் திறக்கும்.
விண்டோஸ்-எல்: கணிப்பொறியைப் பூட்டும். நாற்காலியை விட்டு எழுந்தால் இதை அழுத்துவது வழக்கமாகட்டும்.
விண்டோஸ்-ஷிஃப்ட்-எஸ்: திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படமாக எடுக்கும்.
விண்டோஸ்-வி: இதற்கு முன் நகலெடுத்த பலவற்றையும் பட்டியலாகக் காட்டும். முதல் முறை அழுத்தும்போது அனுமதி கேட்கும். விண்டோஸ் 10-ல் 2018-ல் வந்தது.

இணையத்தில் பக்கத்தைத் தவறுதலாக மூடிவிட்டால் கண்ட்ரோல்-ஷிஃப்டோடு டேப்பின் டி. மூடியது திரும்பி வரும்.

கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் பற்றிக் கேட்காதவர் இருக்க மாட்டார். 1981-ல் ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கணிப்பொறியை உருவாக்கியபோது டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் வைத்தது. அழுத்தினால் இயந்திரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தெரியாமல் கை பட்டு நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு கையால் எட்டாத தூரத்து விசையைச் சேர்த்தார். இன்றைய விண்டோஸில் அது பூட்டுவதற்கும், அசையாமல் நின்றுவிட்ட மென்பொருளை நிறுத்துவதற்கும் வழி காட்டும் பட்டியலைத் திறக்கிறது.

ஓர் எச்சரிக்கை. டெலீட் விசை கோப்பைக் குப்பைக் கூடைக்கு அனுப்பும், திரும்ப எடுக்கலாம். ஷிஃப்ட்-டெலீட் கூடைக்கு அனுப்பாமல் நேரே அழித்துவிடும். குடும்பப் படங்கள் இருக்கும் கணிப்பொறியில் இந்த வேகம் வேண்டாம்.

பாடம் 6: எக்ஸெல் கணக்கு

இப்போது அந்தச் சகோதரியின் மூவாயிரம் வரிக்கு வருவோம்.

கண்ட்ரோல்-கீழ் அம்பு, பத்தியின் கடைசி எண்ணுக்கு ஒரே தாவலில் போகும். நடுவே ஒரு கட்டம் காலியாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அப்படி நின்றால் ஏதோ ஒரு பில் விடுபட்டிருக்கிறது என்று அது நமக்குச் சொல்லும் சாட்சி. முழுக்கக் காலியான பத்தியில் அழுத்தினால் 10,48,576-ஆம் வரிக்குப் போய்விடும். அதுதான் 2007-க்குப் பிந்தைய எக்ஸெலின் கடைசி வரி. பயப்படாமல் கண்ட்ரோல்-ஹோம் அழுத்தித் தலைக்குத் திரும்புங்கள்.

கண்ட்ரோல்-ஷிஃப்ட்-கீழ் அம்பு, கடைசி வரை தேர்ந்தெடுக்கும். மூன்றாம் பாடத்து விதிதான் இது.

பத்தியின் அடியில் காலிக் கட்டத்தில் நின்று ஆல்ட்டோடு சமக்குறி விசையைத் தட்டினால், மேலே உள்ள எண்களைக் கூட்டும் சூத்திரம் தானே வந்து நிற்கும். அது எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். நடுவில் காலிக் கட்டம் இருந்தால் பாதியை மட்டுமே கூட்டியிருக்கக்கூடும்.

கண்ட்ரோல்-ஷிஃப்ட்-எல், தலைப்பு வரியில் வடிகட்டியைப் போடும். 'பணம் வரவில்லை' என்று இருப்பவற்றை மட்டும் காட்டச் சொல்லலாம்.

எஃப்2, கட்டத்தில் உள்ளதைத் திருத்த உதவும். கண்ட்ரோலோடு டவுனின் டி, மேலே உள்ளதைக் கீழே நிரப்பும். கண்ட்ரோலோடு செமிகோலன், இன்றைய தேதியைப் போடும். சூத்திரம் எழுதும்போது எஃப்4, கட்டத்தின் பெயருக்கு டாலர் குறி போட்டு நிலைநிறுத்தும்.

மூவாயிரம் வரிக்கு வேண்டியவை மூன்றே: கீழே தாவுவது, கூட்டுவது, வடிகட்டுவது. நிதானமாகச் செய்தாலும் ஐந்து நிமிடத்தில் முடியும். மீதிப் பதினைந்து நிமிடம் சரிபார்க்க.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு: எஃப்2 தட்டினால் வெளிச்சம் குறைகிறது, ஒலி கூடுகிறது என்றால், இயந்திரம் பழுதில்லை. கீழ் வரிசையில் எஃப்என் என்று ஒரு விசை இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு எஃப்2 தட்டுங்கள். ஆப்பிள் கணிப்பொறியில் மேலே சொன்ன வெட்டுதல், ஒட்டுதல், சேமித்தல் எல்லாவற்றுக்கும் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை.

பாடம் 7: தமிழும் நம் கைவசமே

அமைப்புப் பகுதியில் தமிழ் மொழியைச் சேர்த்துவிட்டால், விண்டோஸ்-ஸ்பேஸ் தட்டி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். 1990-களில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு. ஓர் இடத்தில் அடித்தது இன்னோர் இடத்தில் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடு வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டது.

1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவானது தமிழ் 99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக் கைக்கு, மெய்கள் வலக் கைக்கு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டுகள். ஒரே எழுத்து இரு முறை வந்தால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழும். ந-வை அடுத்துத் த வந்தாலும் அப்படியே.

வெளி மாநிலத்தில் வளரும் நம் குழந்தைகளுக்கு இன்னொரு வசதி உண்டு. இந்திய மொழிகளுக்கென அரசு வகுத்த இன்ஸ்கிரிப்ட் முறையில், ஒரே ஒலிக்கு எல்லா மொழிகளிலும் ஒரே விசை. தமிழின் க-வும் இந்தி, மராட்டியின் க-வும் கே விசையில். த இரண்டிலும் எல் விசையில். பள்ளியில் இந்தியோ மராட்டியோ அடிக்கக் கற்ற பிள்ளை, மொழியை மாற்றிவிட்டு அதே விரல்களால் தாத்தாவுக்குத் தமிழில் கடிதம் எழுதலாம். பெற்றோர் இதை முயன்று பார்க்க வேண்டும்.

எப்படிப் பழகுவது?

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்யாதீர்கள், மறந்துவிடும். நான் வகுப்பில் சொல்லும் முறை இது. ஒரு வாரத்துக்கு மூன்று விசைகள். அவற்றை ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுங்கள். அந்த வாரம் அந்த மூன்று வேலைகளுக்கு மட்டும் எலியைத் தொடுவதில்லை என்று வைராக்கியம். முதல் இரண்டு நாள் எலியைவிட மெதுவாகத்தான் இருக்கும். அப்போதுதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நாள் யோசிப்பது குறையும். வாரக் கடைசியில் கை தானே போகும். பிறகு சீட்டைக் கிழித்துவிட்டு அடுத்த மூன்று.

எலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படம் வரைய, எப்போதாவது ஒரு முறை செய்யும் வேலையைப் பட்டியலில் தேடிப் பிடிக்க எலிதான் வசதி. நாளெல்லாம் திரும்பத் திரும்பச் செய்வதை விசையில் செய்யுங்கள்.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுண்டு விரலை முறுக்கி ஒரே கையால் மூன்று விசைகளை அழுத்தாதீர்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றும் விசைப்பலகையின் இருபுறமும் இருக்கின்றன. ஒரு கை பிடிக்கட்டும், மறு கை தட்டட்டும். மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி வைக்காதீர்கள். வலி தொடர்ந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு ஓட்டாமல் மருத்துவரைப் பாருங்கள்.

பார்வை குறைந்தவர்களுக்கு இது வசதி மட்டுமல்ல, வாசலே இதுதான். எலியின் அம்பைக் காண முடியாதவர் விசைகளால் நடக்கிறார்; திரையில் உள்ளதைக் கணிப்பொறி வாய்விட்டுப் படிக்கிறது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன் 2006-ல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இந்த வேலையை இலவசமாகவே செய்கிறது. நம் குடும்பங்களில் அப்படி யாரேனும் இருந்தால் தயவு செய்து அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அரசு வேலைக்கு எழுதும் பிள்ளைகள் கவனிக்க: மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் எழுத்தர் பணித் தேர்வில் கணிப்பொறியில் ஆங்கிலம் என்றால் நிமிடத்துக்கு 35 சொற்கள், இந்தி என்றால் 30 சொற்கள் வேகம் கேட்கிறார்கள். ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டு என்று கணக்கு. 35 சொல் என்றால் மணிக்கு 10,500 தட்டு. விரல் பழகாமல் இது முடியாது.

வீட்டுப்பாடம்

1. ஒரு பக்கக் கடிதத்தைத் திறந்து, எலியைத் தொடாமல் மூன்றாவது பத்தியை வெட்டி முதல் பத்தியாக்குங்கள். பிறகு கண்ட்ரோல்-இசட் தட்டிப் பழையபடி ஆக்குங்கள்.
2. வீட்டுச் செலவை ஒரு மாதம் எக்ஸெலில் எழுதி, ஆல்ட்டையும் சமக்குறியையும் கொண்டு கூட்டுங்கள்.
3. எலியைக் கழற்றி வைத்துவிட்டு அரை மணி நேரம் வேலை செய்து பாருங்கள். எங்கே தடுக்கி நின்றீர்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்த வாரத்தின் மூன்று விசைகள் அவைதான்.

அந்தச் சகோதரி எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். சீட்டுகளைச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்ததாகச் சொன்னார். வேறோர் அலுவலகத்தில் இதே மாதிரித் தேர்வு வைத்தார்கள். பதினோரு நிமிடத்தில் முடித்து, காலியாக இருந்த இரண்டு கட்டங்களையும் எடுத்துக் காட்டினாராம். வேலை கிடைத்தது. முன்பு கிடைக்காத அந்த முதல் வேலையைவிடச் சம்பளம் குறைவுதான். ஆனால் மாதம் பிறந்தால் வீட்டுக்கு ஒரு தொகை வருகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை புதிதாக வருபவர்களுக்குக் கண்ட்ரோல்-இசட் சொல்லிக் கொடுப்பது அவர்தான்.

கற்றதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிக் கொடுங்கள். எழுந்து போகும் முன் கண்ட்ரோல்-எஸ் அழுத்த மறக்காதீர்கள்.